பொன்னாடைக்கு இருபது நிமிசம்

பெல்ட்டைப் போடுங்கோ, டொக்டர். இஞ்சை இருந்து வில்லோபென்ட்டுக்கு ரெண்டேகால் மணித்தியால ஓட்டம். மார்லீன், அதுதான் எங்கடை ஆஸ்பத்திரிக் கமிட்டித் தலைவி, நல்ல மனுசி, ஆனா ஆரையும் நம்பாத மனுசி, என்னை அனுப்பேக்கை ஒண்டே ஒண்டுதான் சொன்னவ. "துரை, எயார்போர்ட்டிலை அந்தப் பிள்ளையை ஏத்து, நேரை கொண்டு வா, றோட்டைப் பார்த்து ஓடு, ஒண்டும் கதையாதை." நான் என்ன, கதைக்கிற ஆளே? தமிழ்ப் பிள்ளை ஒண்டு டொக்டரா வருகுது, தமிழ் ஆள் போய் ஏத்தினால்தான் மரியாதை எண்டு நானாக் கேட்டு வந்தனான். பின் சீற்றிலை கிடக்கிற பையைப் பார்க்காதையுங்கோ. அது வீட்டை போய்த்தான் திறக்கிறது.

திருகோணமலையோ? நல்லது. இங்கிலாந்திலை ஏழு வருசமோ? நல்லது, நல்லது. நான் பிள்ளை எண்டு கூப்பிட்டாக் கோவிக்க மாட்டியள்தானே. என்ரை மகளுக்கும் உங்கடை வயதுதான், ரொறன்ரோவிலை இருக்கிறா.

என்ரை பேர் அருமைத்துரை. வெள்ளையளுக்குத் துரை. ஊருக்குள்ளை போற வழியிலை பன்னிரண்டு அறை மோட்டல் ஒண்டு நிக்குது, அது என்ரை. அதோடை சமவெளித் தமிழர் ஒன்றியத்தின்ரை தலைவர். அக்கம்பக்கத்து மூண்டு ஊரிலையும் சேர்த்து ஒன்பது குடும்பம், பதினொரு பதவி. சிரிக்காதையுங்கோ, பிள்ளை. பதவி குடுக்காட்டி ஒருத்தரும் கூட்டத்துக்கு வரமாட்டினம்.

எங்கடை ஊரிலை பத்தொன்பது மாசமா டொக்டர் இல்லை எண்டு சொல்லித்தான் உங்களை எடுத்திருப்பினம். ஏன் இல்லை எண்டு சொல்லியிருக்க மாட்டினம். போய் இறங்கினாப் பிறகு ஆளுக்கொரு கதை சொல்லுவினம், எல்லாக் கதையிலையும் என்ரை பேர் வரும். அதுதான் நடந்ததை நடந்தபடி நானே சொல்லிப்போட்டால் நல்லது. மார்லீனுக்குச் சொல்லாதையுங்கோ.

உங்களுக்கு முதல் இருந்தவர் டொக்டர் பூலோகசிங்கம். ஊரெழுக்காரர். யாழ்ப்பாணத்திலை படிச்சு, ஸாம்பியாவிலை வேலை செய்து, இங்கிலாந்து போய், நாப்பத்திமூண்டு வயதிலை இந்த நாட்டுச் சோதினை எல்லாத்தையும் முதலிலை இருந்து திருப்பி எழுதினவர். மனுசி பிள்ளையள் ரொறன்ரோவை விட்டு வரமாட்டம் எண்டிட்டினம். தனியாத்தான் வந்தவர். முதல் மாசம் என்ரை மோட்டலிலை, அஞ்சாம் நம்பர் அறை. என்ரை மனுசி யோகமலர்தான் காலமை புட்டு, பின்னேரம் சோறு குடுத்து விடுறவ. ஒன்பது வருசம் இருந்தார். ஆஸ்பத்திரிக்கு எதிர்வீட்டை வாடகைக்கு எடுத்து, கூப்பிட்டால் பனிக்குள்ளை செருப்போடை றோட்டைக் கடந்து போவார். அவசர சிகிச்சை, எமெர்ஜென்சி எண்டால் அவர்தான். அவர் ஒராள்தான். அவருக்குக் காய்ச்சல் வந்தால் ஊருக்கே பயம் வந்திடும்.

வாய் இல்லாத மனுசன், பிள்ளை. யன்னல் கரையிலை சட்டியிலை ஒரு முருங்கை வளர்த்தவர், அதோடை கதைச்ச அளவுக்கு ஆக்களோடை கதைச்சிருப்பாரோ தெரியாது. ஆனா உங்கடை கையைப் பிடிச்சாரெண்டால் நாடியைப் பார்த்திடுவார். கோப்பிக் கடையிலை காசு குடுக்கிற பெட்டையின்ரை கையைப் பிடிச்சு, "உமக்குத் தைரொயிட் இருக்கும், நாளைக்கு வாரும்" எண்டவர். இருந்தது.

எனக்குத்தான் பார்த்துக்கொண்டிருக்க மனம் கேக்கேல்லை. இப்பிடி ஒரு தமிழன் இருந்தும், ஒன்பது வருசமா ஆக்களின்ரை தொண்டைக்குள்ளை லைட் அடிச்சுப் பார்த்துக்கொண்டு. பேப்பரிலை ஒரு படம் இல்லை. ஒரு விழாவிலை முன்வரிசை இல்லை. மூண்டு தரம் கேட்டுப் பார்த்தனான், "டொக்டர், மாகாணத் தேர்தலிலை நிண்டால் என்ன, உங்களைத் தெரியாத வீடு இருக்கோ?" எண்டு. மூண்டு தரமும், "துரை, உமக்குப் பிறசர் கூடிக் கிடக்குது, உப்பைக் குறையும்" எண்டிட்டு எழும்பிப் போட்டார்.

அப்ப நான் என்ன செய்தனான் தெரியுமோ? சித்திரைப் புத்தாண்டு விழா. கேர்லிங் ஹோல், ஐஸிலை கல்லு உருட்டி விளையாடுற மண்டபம். டொக்டர்தான் பிரதம விருந்தினர். வெள்ளைச் சனமும் திரண்டு வந்திருந்தது, உள்ளூர்ப் பேப்பர்க்காரனும் வந்திருந்தவன். நான் பொன்னாடையைப் போர்த்திப்போட்டு, மைக்கை எடுத்து, தமிழிலையும் இங்கிலிசிலையும் சொன்னன், "எங்கள் அடுத்த சட்டசபை உறுப்பினர் டொக்டர் பூலோகசிங்கம் அவர்கள்." ஹோல் எழும்பி நிண்டு கை தட்டினது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்த பார்வையிலை எனக்குக் கொஞ்சம் வேர்த்ததுதான். ஆனா பொன்னாடையைத் தோளிலை போட்டுக்கொண்டு, முந்நூறு பேருக்கு முன்னாலை, இல்லை எண்டு சொல்ல எந்தத் தமிழனாலை முடியும்? அடுத்த நாள் பேப்பரிலை வந்திட்டுது. கட்சிக்காரரும் தேடி வந்திட்டினம்.

யோகமலர் அண்டு இரவு சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைச்சிட்டுச் சொன்னவ, "உந்த மனுசனைக் கெடுக்காதையுங்கோ. அவர் போனால் ஊரை ஆர் பார்க்கிறது?" நான் சொன்னன், "ஒரு டொக்டர் போனால் இன்னொரு டொக்டர் வருவார். எம்.எல்.ஏ. அப்பிடிக் கிடைக்குமோ?" பாருங்கோ, சொன்னபடி நீங்கள் வந்திட்டியள். கொஞ்சம் பிந்தினதுதான்.

சுவரொட்டி வாசகம் நான் எழுதினது. "வில்லோபென்ட் எமெர்ஜென்சியைப் பூட்ட விடமாட்டேன்." எப்பிடி இருக்குது? ஒரு வரி. அதிலை எல்லாம் அடங்கியிருக்குது.

வாக்குக் கேட்கப் போனதைத்தான் நீங்கள் பார்த்திருக்க வேணும். தை மாசம், மைனஸ் முப்பது. ஒரு வீட்டு வாசலிலை மூண்டு நிமிசத்துக்கு மேலை நிக்கப்படாது எண்டு கட்சிக்காரர் தாளிலை அடிச்சுத் தந்தவை. நான் கையிலை மணிக்கூட்டோடை நிப்பன். முதல் வீடு, கிழவர் ஹென்ரிக். கதவைத் திறந்தார். டொக்டர் அந்தாளின்ரை முகத்தைப் பார்க்கேல்லை, காலைப் பார்த்தார். "சப்பாத்தைக் கழட்டும்." உள்ளுக்கை போய், புண்ணைக் கழுவி, கட்டி, சர்க்கரை மருந்து எத்தினை போடுறார் எண்டு கேட்டு, ஐம்பது நிமிசம். வெளியிலை வந்தாப் பிறகு நான் கேட்டன், "டொக்டர், வாக்கு?" "ஓ, அது கேக்க மறந்திட்டன்" எண்டார். வாக்காளர் பட்டியலிலை வீட்டுக்கு வீடு குறிப்பு எழுத வேணும். அவர் எழுதினதை நான் இப்பவும் வைச்சிருக்கிறன். "வலது குதிக்கால் புண், ரெண்டு கிழமையாலை பார்க்க வேணும்." வாக்கு எண்ட கட்டத்திலை ஒண்டும் இல்லை. ஒரு நாளைக்கு ஆறு வீடு. நான் தலையிலை கை வைச்சிட்டன்.

இருந்தும் வெண்டம். இருநூற்றிப் பன்னிரண்டு வாக்கு. எல்லாம் என்ரை சுவரொட்டி செய்த வேலை. ஹென்ரிக் கிழவரின்ரை காலைக் கட்டினதாலை எண்டு மார்லீன் சொல்லித் திரிஞ்சவ. மார்லீனுக்கு அரசியல் தெரியாது.

பேந்து என்ன? சட்டசபை நாலு மணித்தியாலத் தூரம். முதல் கிழமை சனி ஞாயிறிலை வந்து நோயாளரைப் பார்த்தார். ரெண்டாம் கிழமை கட்சிக் கூட்டம். மூண்டாம் கிழமை எமெர்ஜென்சிக் கதவிலை ஒரு தாள் ஒட்டினாங்கள், டொக்டர் இல்லாதபடியாலை தற்காலிகமாகப் பூட்டியிருக்கு எண்டு. வெயிலிலை அந்தத் தாள் மஞ்சளாப் போச்சு. பேந்து புதுத் தாள் ஒட்டினாங்கள், அதிலையும் தற்காலிகமாக எண்டுதான் போட்டிருக்குது. அதிலை பிழை சொல்ல ஏலாது.

ஆனா பிள்ளை, அவர் சும்மா இருந்தவர் எண்டு நினைக்காதையுங்கோ. சட்டசபையிலை எழும்பி, மேசையிலை அடிச்சுக் கேட்டவர். "என்ரை தொகுதியிலை வில்லோபென்ட் எண்ட ஊரிலை ஒரு டொக்டர் இல்லை. எமெர்ஜென்சி பூட்டிக் கிடக்குது. இதுக்கு ஆர் பொறுப்பு?" எண்டு. வாய் இல்லாத மனுசன் அப்பிடி முழங்கினதைக் கேட்க எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. வீடியோ போனிலை இருக்குது, இறங்கினாப் பிறகு காட்டுறன். சுகாதார மந்திரி ஆறுதலா எழும்பி, "அந்த ஊரிலை கடைசியா இருந்த டொக்டர் ஆர் எண்டு கௌரவ உறுப்பினர் சபைக்குச் சொல்லுவாரா?" எண்டு கேட்டான். ரெண்டு பக்கமும் சிரிச்சாங்கள், எங்கடை கட்சிக்காரரும் சேர்ந்து. அதிலை என்ன சிரிப்பு எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை.

கொஞ்சம் மாறித்தான் போனார். அதை நான் மறைக்கேல்லை. முந்திக் கையைப் பிடிச்சால் கண்ணை மூடி நாடியை எண்ணுவார். இப்ப ரெண்டு கையாலையும் பிடிச்சுக்கொண்டு கமெரா எங்கை எண்டு தேடுவார். ஹென்ரிக் கிழவர் வழியிலை மறிச்சுக் காலைக் காட்டப் போக, "என்ரை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கோ" எண்டிட்டார். கிழவருக்கு இப்ப அந்தக் கால் இல்லை.

யன்னலைத் திறக்கப் போறியளோ? திறவுங்கோ. இந்தப் பக்கம் எல்லாம் கனோலா வயல், வெட்டி முடிஞ்சுது. ஐப்பசிக் குளிர், கொஞ்சமாத் திறவுங்கோ.

பஸ்ஸோ? வெள்ளிக்கிழமையிலை ஒண்டு ஓடும். ஏன் கேக்கிறியள்?

சரி, யோகமலரின்ரை விசயத்தையும் சொல்லிப்போடுறன். எப்பிடியும் நீங்கள்தான் பார்க்க வேணும்.

போன மார்ச். டொக்டர் எம்.எல்.ஏ. ஆகி ஒரு வருசம் நிறைஞ்சதுக்கு ஒன்றியம் பாராட்டு விழா வைச்சது. அதே ஹோல். பின்னேரம் நாலு மணி. வெளியிலை பனி கொட்டுது. பேச்சாளர் ஏழு பேர். யோகமலர் பின்னுக்குக் குசினியிலை நூற்றைம்பது பேருக்கு வடை சுட்டுக்கொண்டு நிண்டவ. நான் மேடையிலை. அஞ்சாவது பேச்சு முடியிற நேரம், பொருளாளரின்ரை மனுசி படிக்கட்டடியிலை வந்து நிண்டு கையைக் காட்டுறா. குனிஞ்சு காதைக் குடுத்தன். "அக்காவுக்கு வலது கை விறைக்குதாம். கரண்டியைப் பிடிக்க ஏலாமல் இருக்குதாம். உங்களை வரட்டாம்."

நீங்கள் சொல்லுங்கோ, பிள்ளை. பிரதம விருந்தினர் மேடையிலை இருக்கிறார். பொன்னாடை என்ரை மடியிலை. தலைவர் எழும்பிக் குசினிக்குப் போனால் சனம் என்ன நினைக்கும்? அடுப்படியிலை கன நேரம் நிண்டால் கை விறைக்கிறதுதானே. "பொன்னாடை முடியட்டும், இருபது நிமிசம் பொறுக்கச் சொல்லும்" எண்டன். இருபது நிமிசம்தான். பொருளாளரின்ரை மனுசி நாப்பது எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியிறா. ஆறாவது பேச்சாளர் கொஞ்சம் இழுத்தவர், அதை ஒத்துக்கொள்ளுறன். மைக்கும் ஒருக்கா நிண்டு போச்சு.

பொன்னாடை போர்த்தி, படம் எடுத்து முடியத்தான் குசினிக்கை சத்தம் கேட்டது. ஓடினம். யோகமலர் நிலத்திலை. வாய் ஒரு பக்கம் இழுத்துக் கிடக்குது. டொக்டர் அந்தப் பொன்னாடையோடையே முழங்காலிலை இருந்து அவவின்ரை கையைப் பிடிச்சார். கண்ணை மூடினார். ஒரு வருசத்துக்குப் பிறகு அண்டைக்குத்தான் பழைய மனுசனைக் கண்டன். நிமிர்ந்து கத்தினார், "பாரிசவாதம். என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறியள்? உடனை எமெர்ஜென்சிக்குக் கொண்டு போங்கோ."

ஒருத்தரும் அசையேல்லை. ஆஸ்பத்திரி அந்த ஹோல் யன்னலாலை பார்த்தால் தெரியும், பிள்ளை. நடந்து போனால் நாலு நிமிசம். மார்லீன்தான் வாய் திறந்தவ. "எந்த எமெர்ஜென்சிக்கு, டொக்டர்?"

அவர் முழங்காலிலையே இருந்தார். பொன்னாடைக் கரை எண்ணெயிலை தோய்ஞ்சு கிடந்தது.

எங்கடை அம்புலன்ஸ் ஒண்டுதான், அது வேறை ஆளை ஏத்திக்கொண்டு சிற்றிக்குப் போயிட்டுது. திரும்பி வர ஒண்டரை மணித்தியாலம். பனிக்குள்ளை பேந்து போக மூண்டு. இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி இனிப் போட ஏலாது, நேரம் கடந்திட்டுது எண்டு சிற்றி ஆஸ்பத்திரியிலை நிண்ட டொக்டர் சொன்னார். எத்தினை மணிக்குத் தொடங்கினது எண்டு கேட்டார். நான் அவ விழுந்த நேரத்தை, அஞ்சேகால் எண்டு சொன்னன். படுக்கையிலை கிடந்த யோகமலர் தலையை ஆட்டினா, இல்லை எண்டு.

டொக்டரிலை எனக்கு ஒரு கோவமும் இல்லை. அவருக்கு அண்டு ஏழு மணிக்குப் பக்கத்து ஊரிலை இன்னொரு கூட்டம், அம்புலன்ஸ் வருமட்டும் நிண்டிட்டுத்தான் போனவர். பேந்து அவரின்ரை அலுவலகத்திலை இருந்து கடிதம் வந்தது. "அன்பான யோகமலர், உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியமானது." சட்டசபை முத்திரையோடை. கண்ணாடிச் சட்டம் போட்டு மோட்டல் வரவேற்பறையிலை மாட்டியிருக்கிறன். யோகமலர் ஒரு நாள் அதைத் திருப்பிச் சுவரைப் பார்க்க வைச்சிருந்தா. கை ஏலாததிலை தட்டுப்பட்டிருக்கும்.

எனக்கு இருக்கிற மனவருத்தம் ஒண்டுதான். சனத்துக்கு நன்றி இல்லை. ஒரு எம்.எல்.ஏ.யை உண்டாக்கிக் குடுத்தவன் நான். இப்ப கோப்பிக் கடைக்குப் போனால் முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறாங்கள்.

மற்றது, ஒரு விசயம் உங்களிட்டைக் கேட்க வேணும், டொக்டரா. யோகமலருக்குப் பேச்சு வந்திட்டுது எண்டு சிகிச்சைக்காரி சொல்லுறா. மகளோடை போனிலை கதைக்கிறா, எனக்குக் கதவுக்கு வெளியிலை கேக்குது. கொஞ்சம் இழுபட்டாலும் நல்லா விளங்குது. மார்லீனோடை சிரிச்சுக் கதைக்கிறா. நான் உள்ளுக்கை போனால் நிண்டிடுது. ஏழு மாசம், பிள்ளை. ஒரு சொல்லு இல்லை. தேத்தண்ணி வேணுமோ எண்டு கேட்டாலும் இல்லை. முப்பத்தொரு வருசம் என்னோடை சண்டை பிடிச்ச மனுசி, அந்தச் சத்தம் இல்லாமல் வீட்டுக்குள்ளை எனக்கு இருக்க ஏலாமல் கிடக்குது. இது மூளையிலை எந்த நரம்பு? ஆளைப் பார்த்து வேலை செய்யிற நரம்பு எண்டு ஒண்டு இருக்குதோ?

வெளியிலையே பார்த்துக்கொண்டு வாறியள். களைப்பாக்கும்.

சொல்ல மறந்திட்டன். உங்கடை ஒப்பந்தம் மூண்டு வருசம் என்ன? வாற வருசம் நகரசபைத் தேர்தல் வருகுது. எம்.எல்.ஏ. மாதிரி இல்லை, சின்ன வேலை, மாசத்திலை ரெண்டு கூட்டம். உங்களுக்கு நல்ல முகவெட்டு, பிள்ளை, சுவரொட்டிக்கெண்டே செய்தது மாதிரி. இளம் ஆள், பெண் பிள்ளை, டொக்டர். வாசகம் கூட யோசிச்சு வைச்சிருக்கிறன். இல்லை இல்லை, இப்ப சொல்ல வேண்டாம். ஒரு விழா வைச்சுக் கதைப்பம்.

அங்கை தெரியுது, அந்தத் தானியக் கோபுரம். வந்திட்டம். நேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரச் சொல்லித்தான் மார்லீன் சொன்னவ, ஆனா முதலிலை எங்கடை வீட்டிலை ஒரு வாய் சாப்பிட்டிட்டுத்தான். மோட்டலுக்குப் பின்னாலைதான் வீடு. அந்தா, வாசலிலை பொல்லு ஊண்டிக்கொண்டு நிக்கிறா, அதுதான் யோகமலர். எழும்பி வந்து நிக்கிறா, பாருங்கோ. நீங்கள் இறங்குங்கோ, பிள்ளை. நான் பையை எடுக்கிறன். புதுசு வாங்க நேரம் இல்லை, அதே பொன்னாடைதான், எண்ணெய்க் கறை கழுவினால் போகேல்லை, மடிச்சுப் போர்த்தினால் தெரியாது.

யோகம், இவதான் புது டொக்டர்.

என்ன? என்ன கேட்டனீர்?

கேட்டியளோ, டொக்டர்? கதைக்கிறா. "பிள்ளை, இவர் உம்மோடை எலெக்சன் கதை கதைச்சவரோ?" எண்டு எவ்வளவு தெளிவாக் கேக்கிறா. உங்களைத்தான் கேக்கிறா, எண்டாலும் நான் பக்கத்திலை நிக்கேக்கை கேக்கிறா. கைராசியான டொக்டர் நீங்கள். ஓமெண்டு தலையை ஆட்டாதையுங்கோ, பிள்ளை, நான் சும்மா ஒரு யோசினைக்குத்தானே சொன்னனான். யோகம், ஏன் அந்தப் பிள்ளையின்ரை கையைப் பிடிச்சு இழுக்கிறீர்? பொறும், பொறும், நானும் வாறன். பொன்னாடை இன்னும் போர்த்தேல்லை. வாசலிலை வைச்சுத்தான் போர்த்த வேணும்.

யோகம்?

ஏன் கதவைச் சாத்தினனீர்? திறவும், யோகம். குளிருது. புது டொக்டரை வரவேற்கிற நேரம், தலைவர் வெளியிலை நிக்கிறது வடிவோ?

டொக்டர், உள்ளுக்கை கேட்டதோ? எனக்குத்தான் சொன்னவ. கதவுக்குப் பின்னாலை நிண்டு, ஏழு மாசத்துக்குப் பிறகு, எனக்கெண்டு சொன்னவ. "இருபது நிமிசம் பொறுங்கோ" எண்டு.

சரி, யோகம். நிக்கிறன்.